ஷிமானே மலையில் ஒரு தலைக்கட்டு

அவைக்கு வணக்கம்.

அறிமுகம் செய்த நண்பர் என்னை 'ஜப்பானில் வாழ்ந்தவர்' என்றார். கேட்டதும் உங்கள் கண்முன் புல்லட் ரயில் ஓடியிருக்கும். நான் இருந்த இடத்தில் ஓடியது நாளைக்கு மூன்று பஸ். மேற்கு ஜப்பானின் ஷிமானே மாகாணத்தில், மலை மடிப்பில் ஒதுங்கிய பதினான்கு வீடுகள். எல்லாம் செம்பழுப்பு ஓடு வேய்ந்தவை. கணவரின் வேலை நிமித்தமாக இரண்டு ஆண்டுகள் அங்கே குடியிருந்தேன்.

அங்கே போகப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, 'என்னென்ன எடுத்துப் போகட்டும்?' என்பதுதான். அதையே முதலில் முடித்துவிடுகிறேன். மிக்ஸியை எடுத்துப் போகாதீர்கள். நான் எடுத்துப் போனேன். நம் மின்சாரம் 230 வோல்ட், அவர்களுடையது 100. என் மிக்ஸி ஜாடிக்குள் தேங்காய்ச் சில்லை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். அமெரிக்கா போகிறவர்களுக்கென்று 110 வோல்ட் மிக்ஸி நம் கடைகளிலேயே கிடைக்கிறது. அதை வாங்குங்கள், கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலும் சட்னி அரையும். பொடி வகைகள் கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலையை விமான நிலையத்திலேயே பறிகொடுப்பீர்கள்.

மருந்து விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒரு மாத அளவுக்குத்தான் சும்மா கொண்டுபோகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால், கிளம்புவதற்கு முன்பே அவர்கள் நாட்டு அரசிடம் 'யுன்யூ காகுனின்ஷோ' என்ற இறக்குமதிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். ஜலதோஷத்துக்கு நாம் சாதாரணமாக விழுங்குகிற சில மாத்திரைகளில் சூடோஎபிட்ரின் இருக்கும். அந்த அளவு பத்து சதவீதத்தைத் தாண்டினால் அங்கே தடை. 'கைப்பையில் கிடந்தது, தெரியாமல் வந்துவிட்டது' என்று சுங்கத்தில் சொல்லிப் பயனில்லை.

காகித வேலை எளிது. குடியேறிய 14 நாட்களுக்குள் ஊராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அப்போதே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிட்டால், மருத்துவமனைச் செலவில் முப்பது சதவீதம்தான் நம் பங்கு. கார் ஓட்டத் தெரியாதவர் தெரிந்துகொண்டு போங்கள். அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான்.

சரி, பெட்டியைக் கட்டிவிட்டோம். இனி நான் பேச வந்தது.

குடியேறிய மறுநாள் அக்கம்பக்கத்துக்கு அறிமுகம் செய்துகொள்ளப் போக வேண்டும். 'எதிரே மூன்று, இருபுறமும் ஒன்று' என்பது அவர்கள் வழக்கு. பதினான்கே வீடுகள் உள்ள ஊரில் எல்லா வீட்டுக்கும் போவதுதான் முறை. கையில் ஒரு துண்டோ சோப்போ போதும். பட்டு, வெள்ளி என்று கொடுத்துத் தொலைக்காதீர்கள். பதிலுக்கு என்ன செய்வது என்று அவர்கள் ராத்திரித் தூக்கத்தை இழப்பார்கள்.

அடுத்தது குப்பை. சிரிக்கிறீர்கள், ஆனால் ஊருக்குள் உங்கள் பெயர் எடுபடுவதும் கெடுவதும் அங்கேதான். எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், கண்ணாடி, டப்பா என்று தனித்தனிக் கிழமை. ஊராட்சி அச்சடித்த பையில்தான் போட வேண்டும், பையின் மேல் வீட்டுப் பெயர் எழுத வேண்டும். தோகுஷிமா மாகாணத்தில் கமிகாட்சு என்றொரு ஊர் 2003இல் 'குப்பையே இல்லாத ஊர் ஆவோம்' என்று அறிவித்து, இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறது. எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை. இருந்தும் நான் தோற்றேன். மூன்றாவது வாரம், நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை மூடியோடு கண்ணாடிக் கிழமையில் போட்டேன். லாரி வந்தது, என் பையை மட்டும் விட்டுவிட்டுப் போனது. பையில் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு. பெரிய எழுத்தில் எங்கள் வீட்டுப் பெயர்.

நான் எடுக்கப் போவதற்குள் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்துவிட்டார். எண்பத்தொரு வயது. பையைப் பிரித்து, பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தகர மூடியைத் திருகி ஒரு பக்கம் வைத்தார். வாய்க்கால் குழாயில் பாட்டிலை அலசினார். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்று ஒரு பிடி புல்லைப் பறித்து உள்ளே விட்டுத் தேய்த்தார். கடைசியில் முகர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன காய் என்று மட்டும் கேட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து எங்கள் வாசல் கம்பியில் ஒரு மரப்பலகை தொங்கியது. 'தோபான்' என்று எழுதியிருந்தது. இந்த வாரம் குப்பை மேடையைக் கூட்டி, காக்கை கிளறாமல் குப்பையை மூடும் வலையை மடித்து வைப்பது எங்கள் பொறுப்பு. முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டில் மாட்ட வேண்டும். சென்னையில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள் நான். அகராதி தேவைப்படவில்லை. முறைவாசல்!

நம் கிராமங்களில், ஊர் வேலைக்கும் வரிக்கும் கணக்கில் வருகிற ஒரு குடும்பத்தைத் தலைக்கட்டு என்பார்களே, அதுதான் அங்கே நீங்கள். விருந்தாளியாகப் போனேன், வாடகைக்காரியாகப் போனேன் என்பதெல்லாம் செல்லாது. ஏப்ரலில் வயலுக்குத் தண்ணீர் விடுவதற்கு முன் ஊரே சேர்ந்து வாய்க்கால் தூர் வாரும். நாம் குடிமராமத்தைச் சட்டத்திலும் செய்தித்தாளிலும் தேடிக்கொண்டிருக்கிறோம். அங்கே ஞாயிறு காலை எட்டு மணிக்கு மண்வெட்டியோடு நிற்கிறது. வராத வீடு பணம் கட்ட வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் என்னை அங்கே 'இளைஞர்' வரிசையில் நிறுத்தினார்கள். பாதிப் பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டிய ஊர்களை ஜப்பானியர் 'கென்காய் ஷூராகு' என்கிறார்கள், விளிம்பில் நிற்கும் குடியிருப்பு என்று. கை குறைந்த ஊரில் உங்கள் இரண்டு கையும் கணக்கில் வரும்.

இது எல்லாருக்கும் பிடிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டு விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது என்பது ஊருக்கே தெரியும். சைவ உணவுக்காரர் பாடு பெரும்பாடு. கீரைக் கூட்டில்கூட மீன் சாறு இருக்கும். 'கொம்பு' என்ற கடற்பாசிச் சாறுதான் சைவம், பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். பிறகு, மலிவு வீடு. 2023 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 90 லட்சம் வீடுகள் காலி. சும்மா கொடுக்கிறார்களாம் என்று காணொளி பார்த்துவிட்டு வருகிறார்கள். கூரை யார் மாற்றுவது? உள்ளே விட்டுப்போன மூதாதையர் பூஜை மாடத்தை என்ன செய்வது? ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள், அப்புறம் வாங்கலாம்.

குளிர்காலம் என்றதும் நினைவு வருகிறது. அந்தப் பழைய வீடுகள் கோடைக்காகக் கட்டப்பட்டவை. தேங்காய் எண்ணெய் அக்டோபரிலேயே கல்லாகிவிடும். ஜனவரியில் சமையலறைக்குள் நம் மூச்சு நமக்கே தெரியும். பதினெட்டு லிட்டர் கேனில் மண்ணெண்ணெய் வாங்கிக் கணப்பு அடுப்பு மூட்ட வேண்டும். மூட்டினால் ஜன்னலை அவ்வப்போது திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நச்சு வாயு. பனி உறையும் இரவில் குழாயை நூல்போல ஒழுக விட்டுப் படுக்க வேண்டும்.

ஆனால் மொழியைப் பற்றிப் பயப்படாதீர்கள். எழுத்து கடினம்தான், பேச்சு நம் வழியிலேயே வரும். வினைச்சொல் கடைசியில், 'வீட்டுக்கு' என்பதில் உள்ள 'கு' போல அங்கே ஒரு 'நி', கேள்விக்கு நாம் 'ஆ' சேர்ப்பதுபோல அவர்கள் 'கா'. எனக்குப் பல்வலி வந்தபோது மருத்துவர் கேட்டார்: ஸுகிஸுகியா, சிக்குசிக்கா? விண்விண் என்று தெறிக்கிறதா, சுருக்சுருக்கென்று குத்துகிறதா என்று அர்த்தம். இரட்டைக்கிளவியில் வைத்தியம் நடக்கிற இன்னொரு ஊர் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். ஸுகிஸுகி என்றேன், அப்படியே எழுதிக்கொண்டார்.

புறப்படும் வாரம் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அழுவார் என்று நினைத்து நான் கைக்குட்டையோடு போயிருந்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரலால் வாரங்களை எண்ண ஆரம்பித்தார். இனிப் பதின்மூன்று வீடு. குப்பை மேடை முறை தனக்கு ஒரு வாரம் முன்னதாக, செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிடும் என்றார். அந்தத் தேதியில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, நார்த்தங்காய் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.