சந்தனமா, மயில்கழுத்து நீலமா?

நேயர்களுக்கு வணக்கம். பட்டி பார்த்து, பிரைமரும் அடித்து முடித்த பிறகும் எங்கள் வீட்டுக் கூடம் நான்கு நாள்கள் வெறும் வெள்ளையாகவே நின்றது. எனக்குச் சந்தன நிறம், மகளுக்கு மயில்கழுத்து நீலம் என்று வீடு இரண்டுபட்டிருந்ததே காரணம்.

தீப்பெட்டி அளவு வண்ண அட்டையைக் கடை விளக்கில் பார்த்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. ஆகவே இரண்டிலும் சிறிய டப்பா வாங்கி, சுவரில் இரண்டடிச் சதுரமாக, இரண்டு கோட்டு அடிக்கச் செய்தோம். அங்கும் ஒரு தவறு நேர்ந்தது: இரண்டையும் ஒட்டினாற்போல் பூசிவிட்டோம். நீலத்தின் அருகில் சந்தனம் மாம்பழ மஞ்சளாகத் தெரிந்தது. பாரிசின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரோல், கறுப்பு நூலில் கறுமை போதவில்லை என்று வந்த புகார்களை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டு, 1839இல் புத்தகமாகவே எழுதியது இந்த மயக்கத்தைப் பற்றித்தான். பிறகு நீலத்தை எதிர்ச்சுவரில் பூசிப் பார்த்தோம்.

காலையில் நீலம் அழகாகவே இருந்தது. ஆனால் எங்கள் கூடத்துக்குச் சன்னல் ஒன்றுதான், அதுவும் வடக்கே. வெளிர் சந்தனம் தன்மேல் விழும் ஒளியில் பாதிக்கு மேல் திருப்பித் தரும். அடர்நீலமோ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே தரும் என்பதால், இரவு ஏழு மணிக்கு டியூப்லைட் எரிந்தும் அந்தப் பக்கம் இருண்டே கிடந்தது. சந்தனத்துக்கும் சோதனை உண்டு: 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை விளக்கில் அது சோகை பிடித்தாற்போல் வெளுத்தது, 2700 கெல்வின் மஞ்சள் பல்பை மாட்டியதும் தெளிந்தது. காவித் தரையில் பட்டு எழும் வெளிச்சம் சுவரின் அடிப்பகுதியில் இளஞ்சிவப்பாகப் படர்ந்ததை எந்த அட்டையும் சொல்லியிருக்காது.

வெளிர் நிறம் சீக்கிரம் அழுக்காகும் என்பார்கள். சுவிட்ச் பலகையைச் சுற்றிய கைத்தடமும், எண்ணெய்த் தலை சாய்ந்த இடமும் சந்தனத்தில் தெரியும்தான். ஆனால் சுவரில் உப்புப் பூத்தாலோ, நாற்காலி உரசினாலோ, அந்த வெள்ளைத் தடத்தை ஊருக்கே காட்டிக்கொடுப்பது நீலம்.

கூடத்துக்குச் சந்தனமே முடிவாயிற்று. தெற்கே இன்னொரு சன்னல் இருந்திருந்தால் மகளின் பக்கமே பேசியிருப்பேன். மீந்த நீலத்தை அவள் தன் புத்தக மாடத்தின் உட்புறத்துக்கு அடித்துக்கொண்டாள்.