வளையாத மேஜைப் பலகை

நேயர்களுக்கு வணக்கம். இரண்டரை அடி அகலத்தில் மேஜை செய்ய ஒரே பலகை கிடைப்பது அபூர்வம். ஆறு அங்குலப் பலகைகளாக எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பசை போட்டு ஒட்டுகிறோம். விளிம்பைச் சரியாக இழைத்திருந்தால் ஒட்டு விடவே விடாது. சிக்கல் இறுக்கும்போதுதான் வரும். அதற்காக நான் செய்த ஒரு சட்டகத்தைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் அழுத்தம் பலகைக் கனத்தின் நடுவில் விழ வேண்டும். ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மேலோ கீழோ தள்ளிப் போனாலும் முறுக்க முறுக்கப் பலகை வளையும். நான் முதலில் ஒட்டிய தேக்குப் பலகையில் மறுநாள் காலை மட்டக்கோலை வைத்தால், நடுவில் ஒன்றரை நூல் இடைவெளி. அதை இழைத்துச் சமமாக்கியபோது ஒரு அங்குலப் பலகை முக்கால் அங்குலமாகிவிட்டது. நல்ல மரம், மனசு ஆறவில்லை.

அதன்பிறகு செய்ததுதான் இந்தச் சட்டகம். மூன்று ஜோடி ரீப்பர், அதாவது நீளமான மரச்சட்டம். கீழ் ரீப்பர்கள் மூன்று அங்குல உயரம், அவற்றின் மேல்தான் பலகை உட்காரும். மேல் ரீப்பர் பலகையை அமுக்கும். இரண்டு முனையிலும் மூன்று நூல் போல்ட். கீழ் ரீப்பரின் ஒரு முனையில் அசையாத கட்டை, மறுமுனையில் துளை மாற்றி நகர்த்தும் கட்டை. அந்தக் கட்டைக்கும் பலகைக்கும் நடுவே எதிரும் புதிருமாக இரண்டு ஆப்பு. ஆப்பு பக்கவாட்டில் நெருக்கும், மேல் ரீப்பர் பலகையை எழும்ப விடாது.

போல்ட் முனையில் இருப்பதால் நடுவில் அழுத்தம் குறையும். அதனால் மேல் ரீப்பரின் அடிப்பக்கத்தை இழைக்கும்போது நடுவில் அரை நூலுக்கும் குறைவாக மேடு விடுங்கள். முனையை முறுக்கினால் நடுவும் சேர்ந்து அமுங்கும். பலகை படும் இடமெல்லாம் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் பசை பிடிக்காது.

கீழ் ரீப்பர்கள் மூன்றும் ஒரே மட்டத்தில் இருப்பது ரொம்ப முக்கியம். குனிந்து, ஒரு கண்ணை மூடி, முதல் ரீப்பரின் விளிம்பையும் கடைசி ரீப்பரின் விளிம்பையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று சாய்ந்திருந்தால் அந்த முறுக்கு அப்படியே மேஜைக்கு வந்துவிடும்.

பசை போடும் முன் ஒரு தடவை வெறுமனே பூட்டிப் பார்த்துவிடுங்கள். பசை போட்ட பிறகு பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். முதலில் போல்ட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள், அப்புறம் ஆப்பு, கடைசியாகத்தான் ஸ்பானர். ஆப்பைத் தட்டும்போது மொத்தையாக வரும் சத்தம் சட்டென்று கணீரென்று மாறும். அங்கே நிறுத்துங்கள். ஒட்டு நெடுகக் கடுகு கடுகாய்ப் பசை முத்து நிற்கும். அரை மணி கழித்து, அது ரப்பர் போல ஆனதும் உளியால் சுரண்டினால் சுத்தமாக வந்துவிடும்.

பிரித்த பலகையைத் தரையில் படுக்கப் போடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பட்டால் மறுபடி வளையும். சுவரோரம் செங்குத்தாக, இரண்டு பக்கமும் காற்றாட, ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். இழைப்புளியை அதற்குப் பிறகு எடுக்கலாம். நன்றி, வணக்கம்.