கொட்டகைக் கால் எங்கே இற்றுப்போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஆட்டுக்கொட்டகை போடுவதென்றால் எல்லாரும் கூரையைப் பற்றித்தான் பேசுவார்கள். ஓலையா தகரமா என்று ஒரு வாரம் யோசிப்பார்கள். காலுக்கு மட்டும் கைக்குக் கிடைத்த கழி. எனக்கு இதில் தீராத மனக்குறை உண்டு.

எங்கள் முதுகுளத்தூர் பக்கம் ஓர் அக்கா, சவுக்குக் கால் நட்டுக் கொட்டகை போட்டார். மூன்றாம் வருஷம் ஐப்பசிக் காற்றில் அது ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. நல்லவேளை, ஆடுகள் மேய்ச்சலில் இருந்தன. போய்ப் பார்த்தேன். எல்லாக் கால்களும் தரையை ஒட்டியே ஒடிந்திருந்தன. மண்ணுக்குள் கிடந்த அடித்துண்டைத் தோண்டினால், அதன் நுனி கெட்டியாக இருக்கிறது! மேலே நின்ற பகுதியும் கெட்டி. இடையில் ஒரு சாண் மட்டும் ரஸ்க் மாதிரி உதிர்கிறது.

மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு. மேலே ஈரம் நிற்காது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது தரைமட்டத்தில். போதாததற்கு மூத்திரம் தேங்குவதும் அங்கே, கரையான் ஏறுவதும் அங்கே. ஆகவே கால் பார்க்கும்போது தரைமட்டத்தை நினைத்துப் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், தரைமட்டம்.

வெட்டுமுகத்தில் நடுவே கருத்திருப்பது வைரம், சுற்றிலும் வெளுத்திருப்பது வெளிமரம். மண்ணில் தாக்குப்பிடிப்பது வைரம்தான். இளஞ்சவுக்கில் அது பேருக்குத்தான் இருக்கும். நாட்டுக் கருவேலம் அருமையான கால். அப்புறம், சொன்னால் சிலர் முறைப்பீர்கள், சீமைக்கருவேலம்! 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்ன அதே மரம்தான். முற்றிய மரத்தின் வைரத்தைக் கரையான் லேசில் தொடாது. கோணலாக இருக்குமே என்பீர்கள். இருக்கட்டுமே, ஆடு என்ன ரசமட்டமா வைத்துப் பார்க்கப்போகிறது? கவை உள்ளதாக வெட்டினால் உத்திரம் அதிலேயே உட்கார்ந்துகொள்ளும். கரிமூட்டத்துக்குப் போகிற மரத்தில் முற்றியதாக நாலு பொறுக்கி வையுங்கள். பட்டையை உரித்துவிட்டு நடுங்கள், வண்டு தங்குவது பட்டைக்கடியில்தான். கழிவு ஆயில் பூசாதீர்கள், ஆடு நக்கும்.

பனங்கால், கல்கால் எல்லாம் சொல்ல வைத்திருந்தேன். நேரம் முடிந்ததென்று உள்ளேயிருந்து கை காட்டுகிறார்கள். சரி, பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும், அது ஒன்று. குழி இரண்டரை அடிக்குக் குறைய வேண்டாம். காலைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்து, மூத்திரம் வெளியே ஓட வாட்டம் கொடுங்கள். வணக்கம்.