கதவல்ல, மூக்கு

அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச வந்தது சிசிஆர்5 என்ற ஓர் ஏற்பியைப் பற்றி. ஏற்பி என்றால், செல்லின் மேற்பரப்பில் நின்று வெளியிலிருந்து வரும் சேதிகளை வாங்கிக்கொள்ளும் புரதம். இதற்கு ‘எச்ஐவி நுழையும் கதவு’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டுக்குள் திருடன் வந்த வழி என்பதற்காக, சன்னலைத் திருடனுக்காகக் கட்டியது என்று சொல்வோமா?

இது உண்மையில் ஒரு மூக்கு. உடலில் ஓரிடத்தில் கிருமி புகுந்தால், அங்குள்ள செல்கள் கீமோகைன் என்ற சிறு புரதங்களைக் கசியவிடும். டி செல்கள், மேக்ரோஃபேஜ்கள் போன்ற வெள்ளணுக்கள் அவற்றை மோப்பம் பிடித்து, எங்கே அதிகமோ அந்தப் பக்கம் நகரும். மோப்பம் பிடிக்கும் உறுப்புகளில் ஒன்றுதான் சிசிஆர்5. துணியில் ஊசிநூல் ஏறி இறங்குவதுபோல, செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம் அது.

சரி, எச்ஐவி எப்படி இதைப் பிடித்தது? அது வெள்ளணுவின் மேலுள்ள சிடி4 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் என்பது 1980களிலேயே தெரியும். ஆனால் எலியின் செல்லில் மனித சிடி4-ஐ வைத்துப் பார்த்தபோது, வைரஸ் ஒட்டியது, உள்ளே போகவில்லை. இன்னொரு பிடி தேவை என்று புரிந்தது. 1995இல் ஒரு துப்பு கிடைத்தது: மூன்று கீமோகைன்கள் எச்ஐவியைத் தடுத்தன. மூக்கில் ஏற்கெனவே மணம் அடைத்திருந்தால் வைரஸுக்கு இடமில்லை! 1996இல் அந்த மூக்கு சிசிஆர்5 என்று உறுதியானது.

அதே ஆண்டில் இன்னொன்றும் தெரிந்தது. திரும்பத் திரும்ப எச்ஐவிக்கு ஆளாகியும் தொற்றாத சிலருக்கு, இந்த ஏற்பிக்கான மரபணுவில் 32 எழுத்துகள் காணவில்லை. முப்பத்திரண்டு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செல் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ‘பழம்மரம்கடல்வயல்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் ‘மரம்’ மூன்றையும் எடுத்தால் பழம், கடல், வயல் என்று பிழைத்துக்கொள்ளும். ‘மர’ மட்டும் போனால் பழம், ம்கட, ல்வய... அதற்கப்புறம் எல்லாம் உளறல். 32 மூன்றால் வகுபடாத எண். ஆகவே புரதம் பாதியில் குலைந்து, செல்லின் மேற்பரப்புக்கே வருவதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் குறையைப் பெற்றவர்கள் வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். பிற இடங்களில் மிக அரிது.

இதை மருத்துவமாக்க முடியுமா? டிமோதி ரே பிரவுன் என்பவருக்கு எச்ஐவியோடு ரத்தப் புற்றுநோயும் வந்தது. 2007இல் பெர்லினில் மருத்துவர் கேரோ ஹுட்டர், ரத்த மூலசெல் (ரத்த அணுக்களை உருவாக்கும் செல்) கொடையாளர்களில் இந்தக் குறை உள்ளவராகத் தேடிப்பிடித்து, அவருடைய செல்களைப் பிரவுனுக்கு மாற்றினார். புற்றுநோய் திரும்பியதால் அடுத்த ஆண்டு இரண்டாம் முறையும் மாற்றினார்கள். எச்ஐவி திரும்பவில்லை. 2020இல் அவர் உயிரைப் பறித்தது மீண்டும் வந்த அந்தப் புற்றுநோய்தான். அப்படியானால் எல்லோருக்கும் இதைச் செய்யலாமே என்பீர்கள். மூலசெல் மாற்று என்பதே உயிரைப் பணயம் வைக்கும் சிகிச்சை. எச்ஐவிக்காக மட்டும் எந்த மருத்துவரும் அதைச் செய்யத் துணிய மாட்டார்.

2007இலேயே மராவிராக் என்ற மாத்திரையும் வந்தது. அது ஏற்பிக்குள் ஒரு குழியில் போய் உட்கார்ந்து, அதன் உருவத்தைச் சற்றே மாற்றிவிடும். வைரஸுக்கு அடையாளம் தெரியாமல் போகும். ஆனால் சில எச்ஐவி வகைகள் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறோர் ஏற்பி வழியாக நுழைபவை. அதனால் மாத்திரை கொடுக்கும் முன்பே சோதனை செய்து பார்க்க வேண்டும்.

மூக்கு இல்லாமல் இருப்பதற்கும் விலை உண்டு. வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால், சிசிஆர்5 இல்லாதவர்களுக்கு நோய் வெளிப்படும் ஆபத்து கூடுதல். மூளைக்கு விரைய வேண்டிய வெள்ளணுக்கள் வழி கண்டுபிடிக்கத் திணறுகின்றன.

இதெல்லாம் தெரிந்திருந்தும் 2018இல் சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய், கருவிலேயே இந்த மரபணுவை வெட்டி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தார். அவர் உண்டாக்கியது அந்த 32 எழுத்து இழப்புகூட அல்ல. யாரும் மனிதரில் சோதித்திராத வேறு மாற்றங்கள். அடுத்த ஆண்டு அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்: எச்ஐவி இருந்தது தந்தைக்கு மட்டும். விந்தணுவைக் கழுவிப் பிரித்தெடுக்கும் பழைய முறையே குழந்தைக்குத் தொற்றாமல் காக்கப் போதும். அதை அவர்களே செய்தும் இருந்தார்கள்.