கால் ஓடவில்லை என்றால்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கெட்ட செய்தி வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை" என்கிறோம். யோசித்துப் பாருங்கள், அடி விழுந்தது மனதில். ஆனால் நம் புகார் கைகாலைப் பற்றி. ஒருவர் நொந்துபோனால் "மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்" என்கிறோம். அவரே தேறி வந்தால்? "இப்போதுதான் கொஞ்சம் எழுந்து நடமாடுகிறார்." மனநல மருத்துவராக இத்தனை ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இந்த மூன்று வாக்கியங்களுக்குத்தான் உரை எழுதிக்கொண்டிருக்கிறேனோ என்று எனக்கே சில சமயம் தோன்றும்.

இன்று நான் சொல்ல வந்ததும் அதுதான். மனசு சரியாகட்டும், அப்புறம் நடக்கலாம் என்று காத்திருக்கிறோம். மனச்சோர்வு என்ற நோய் முதலில் பறிப்பதே அந்த "நடக்கலாம்" என்ற எண்ணத்தைத்தான். அது வரட்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதனால் மனசு வராதபோதே கால் கிளம்ப வேண்டியிருக்கிறது.

"உடற்பயிற்சி" என்றதும் சிலர் வானொலியை நிறுத்தப் போவது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்லும் அளவு இவ்வளவுதான்: நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும்.

என் அக்கா கதையைச் சொல்லிவிடுகிறேன். அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

அத்தான் போன பிறகு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தவள்தான் அக்கா. சாப்பாடு அங்கே, தூக்கம் பாதி அங்கே. நான் வேறு ஊரில். மருத்துவத் தம்பி அல்லவா, தினமும் போன் செய்து அறிவுரை சொல்வேன். நடந்தால் மூளையில் இன்னது நடக்கும், தூக்கம் இப்படி மாறும் என்று ஒரு மணி நேர வகுப்பே எடுப்பேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றதெல்லாம் சரிதான் தம்பி, எழுந்திருக்கவே மனசு வரலையே" என்பாள். அதற்கு மேல் எந்த வகுப்பும் செல்லாது.

அப்போதுதான் அவள் வீட்டுக்குள் சிக்னல் போயிற்று. என்ன காரணமோ, "ஹலோ, ஹலோ" என்று கத்தினாலும் பாதி வார்த்தைதான் போய்ச் சேரும். மாடிக்குப் போனால்தான் தெளிவாகக் கேட்கும். வேறு வழியில்லாமல் அக்கா மாடி ஏறினாள். போன் பேசும்போது ஒரே இடத்தில் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? யாரும் நிற்பதில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கால் தானாகப் போகும். அக்காவின் செருப்புச் சத்தம் எனக்குப் போனிலேயே கேட்டது.

எனக்குப் பொறி தட்டியது. அன்றோடு அறிவுரையை நிறுத்தினேன். பேச்சை மட்டும் நீட்டினேன். பத்து நிமிடம் இருபதானது, இருபது முப்பதானது. தினமும் அரை மணி நேரம் அக்காவோடு பேச விஷயத்துக்கு எங்கே போவது? சண்டை இழுத்தேன். சின்ன வயதில் என்னைச் சைக்கிளிலிருந்து தள்ளிவிட்டது யார் என்று ஒரு வாரம் முழுக்கச் சண்டை. நானாகத்தான் விழுந்தேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கோபம் வந்தால் அக்காவுக்கு நடை வேகமாகும் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு நாள் நடுவில், "இருடா, மூச்சு வாங்குது" என்றாள். இன்னொரு நாள், "பசிக்குது, வைக்கட்டுமா?" அத்தான் போன பிறகு பசிக்கிறது என்று அவள் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். போனை வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான்கைந்து மாதம் கழித்து, சிக்னல் சரியாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கேட்டேன். எனக்குப் பகீரென்றது. அக்காவிடம் மெதுவாக விசாரித்தால், "உள்ளே சிக்னல் வந்து பத்து நாளாச்சுடா. எனக்குத்தான் உள்ளே உட்காரப் பிடிக்கலை" என்கிறாள்.

சரி, நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு இன்னொரு மருத்துவர் மாத்திரையும் கொடுத்திருந்தார். நாளும் கடந்திருந்தது. தம்பி தினமும் பேசினான். அதனால் மாடி நடைதான் அவளைத் தேற்றியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் ஒருவரை ஒருவரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு அது. மனச்சோர்வு நோய் இருந்த, 50 வயதைத் தாண்டிய 156 பேர். ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் நடை அல்லது மெல்லோட்டம், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஆரம்பத்தில் பலன் சீக்கிரம் தெரிந்தது; நடை மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அந்த "மெதுவாக" முக்கியம். மூன்று நாள் நடந்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை டாக்டர்" என்று வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், இடையில் வானொலியைத் திருப்பியவர்களுக்காக: மாத்திரையை நிறுத்துவது உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது. நடை அதற்குத் துணை. சோர்வு கடுமையாக இருப்பவரிடம் போய் "எழுந்து நட, சரியாகிவிடும்" என்று சொல்வதும் கொடுமை. அவர் சோம்பேறி இல்லை.

நோய் வருவதற்கு முன்னால் என்ன? நார்வேயில் சுமார் 34,000 பேரைச் சராசரியாக 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது உடம்பை அசைத்திருந்தால், பின்னால் வந்த மனச்சோர்வில் 12 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ஒரு நாளைக்கு அல்ல, வாரத்துக்கு ஒரு மணி நேரம். வேகமாகச் செய்தார்களா, மெதுவாகச் செய்தார்களா என்பதுகூட அதில் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். அது உடம்பு முழுவதற்குமான இலக்கு. அதை எட்ட முடியாதவர்கள், எட்டாத அளவுக்கும் பலன் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

இது எப்படி நடக்கிறது? எல்லோரும் சொல்வது என்டார்ஃபின், வலியைக் குறைக்க உடம்பே சுரக்கும் ஒரு பொருள். எனக்கு அந்தப் பதிலில் பெரிய பிடிப்பு இல்லை. ரத்தத்தில் கூடும் என்டார்ஃபின் அங்கிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. வேறு பல பொருட்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. மூளையின் அமைப்பே மாறுவதையும் பார்த்திருக்கிறார்கள். 2011-ல் வந்த ஓர் ஆய்வில், ஓராண்டு நடந்த முதியவர்களுக்கு நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. வயதானால் சுருங்க வேண்டிய பகுதி அது.

இதைவிட நான் மதிப்பது வேறொன்று. பதற்றம் உள்ளவர்களுக்கு நெஞ்சு படபடத்தால் உயிர் போகப்போகிறது என்று பயம். படபடப்பு, வியர்வை, மூச்சு வாங்குவது, இந்த மூன்றுமே வேகமாக நடந்தாலும் வரும். வரும், உச்சிக்குப் போகும், நின்றால் இறங்கும். இதை உடம்பு இருபது முப்பது முறை கண்டுவிட்டால், படபடப்பைப் பார்த்து மிரள்வது குறைகிறது. வாயால் எத்தனை முறை சொன்னாலும் நம்பாத விஷயத்தைக் கால் ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடும். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம் என்று. அக்கா கதையைக் குறைத்திருக்க வேண்டும். தாளில் இன்னும் இரண்டு தலைப்பு மிச்சம், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, தூக்கம்: பகலில் அசைந்த உடம்பு இரவில் நன்றாகத் தூங்கும், காலை வெளிச்சத்தில் நடந்தால் இன்னும் நல்லது. இரண்டு, எடை தூக்குவது, யோகாசனம் இரண்டும் மனச்சோர்வுக்கு உதவுகின்றன. நடை பிடிக்காதவர்கள் அதைச் செய்யுங்கள். அளவு மீறினால் என்ன ஆகும் என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை.

இந்த உரை ஒலிபரப்பாகும் நேரத்தில் அக்கா மாடியில்தான் இருப்பாள். வானொலிப் பெட்டி கீழே முன்னறையில் இருக்கிறது. அவள் கேட்டிருக்க மாட்டாள், ராத்திரி போனில் முழுவதையும் நான் திரும்பச் சொல்ல வேண்டும். வணக்கம்.