ரோமில் மரண தண்டனை: கூலியும் குத்தகையும்

நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே பொட்சுவோலி என்றொரு துறைமுக ஊர். ரோமானியர் காலத்தில் அதற்குப் புட்டியோலி என்று பெயர். அங்கே கிடைத்த சலவைக்கல் கல்வெட்டு ஒன்று, ஊரில் பிணம் அப்புறப்படுத்தும் வேலையைக் குத்தகைக்கு விட்டபோது விதித்த நிபந்தனைகளைச் சொல்கிறது. மரண தண்டனையை நிறைவேற்றுவதும் அந்தக் குத்தகைக்காரரின் பொறுப்பு.

அவர் குறைந்தது 32 ஆட்களை வைத்திருக்க வேண்டும். வயது இருபதுக்குக் குறையக்கூடாது, ஐம்பதைத் தாண்டக்கூடாது. கண் பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், சூடு போடப்பட்டவர் ஆகாது. இரவின் முதல் மணி கழிந்த பிறகே அவர்கள் குளிக்கலாம். வேலை இருந்தால் மட்டுமே ஊருக்குள் வரலாம், வரும்போது தலையில் நிறமுள்ள குல்லாய் அணிந்திருக்க வேண்டும். இந்தத் தீண்டாமையை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒருவர் தன் அடிமையைத் தனிப்பட்ட முறையில் சிலுவையில் அறைய விரும்பினால், மரக்கட்டை, சங்கிலி, சவுக்கடிப்பவர்களுக்கான கயிறு எல்லாம் குத்தகைக்காரர் தர வேண்டும். குறுக்குக் கட்டையைக் கொண்டுசெல்லும் ஆட்கள், சவுக்கடிப்பவர்கள், கொலைத் தொழிலாளி ஆகியோருக்கு ஆளுக்கு 4 செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) கூலியை எஜமானர் கொடுத்துவிட வேண்டும். முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துப் படைவீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டெர்ஸ், அதாவது நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை. ஆக, கூலி மோசமில்லை. தண்டிக்கச் சொல்வது ஊர் நீதிபதியாக இருந்தால் கூலியே கிடையாது. சிலுவை மரம் நடுவது, ஆணி, கீல் (தார்), மெழுகு, மெழுகுவத்தி கொடுப்பது எல்லாம் இலவசம். பிணத்தைக் கொக்கியால் இழுத்துச் செல்ல உத்தரவானால், ஆட்கள் சிவப்பு உடுத்து, மணி அடித்துக்கொண்டு போக வேண்டும்.

இனி சிலுவையில் அறையும் வேலை நடக்கும் விதம். முதலில் சவுக்கடி. பிறகு குறுக்குக் கட்டையைத் தோளில் ஏற்றிக் கொலைக்களத்துக்கு நடத்துவார்கள். நிலைக்கால் பெரும்பாலும் அங்கேயே நிரந்தரமாக நட்டிருக்கும். முழுச் சிலுவையையும் சுமப்பதாக வரைகிற ஓவியங்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கயிற்றால் கட்டுவதும் உண்டு, ஆணி அடிப்பதும் உண்டு. சவுக்கடி மிஞ்சினால் ஆள் சீக்கிரமே போய்விடுவான், ஊர் பார்க்கத் தொங்க வேண்டிய நாட்கள் குறைந்துவிடும். அடி குறைந்தால் சாவு நாள்கணக்கில் இழுக்கும். யாரும் வந்து இறக்கிவிடாமலிருக்கப் படைவீரர்கள் காவல் நிற்பார்கள். சாவை விரைவுபடுத்த வேண்டுமானால் கால் எலும்பை உடைப்பார்கள். உயிரோடு இறக்கப்பட்டவர் பிழைத்ததும் உண்டு: தனக்கு வேண்டிய மூவரை ரோமப் படைத்தலைவர் டைட்டஸிடம் கெஞ்சி இறக்கியதாகவும், வைத்தியம் பார்த்தும் இருவர் இறந்துவிட ஒருவர் பிழைத்ததாகவும் யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதியிருக்கிறார்.

எலும்பில் ஆணியோடு கிடைத்த சான்று மிகமிகக் குறைவு. 1968-இல் எருசலேமில் கிடைத்த ஒரு குதிகால் எலும்பில் 11.5 சென்டிமீட்டர் ஆணி பக்கவாட்டில் பாய்ந்திருந்தது. அப்படியானால் கால்களை நிலைக்காலின் இரு பக்கமும் வைத்து அறைந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆணியின் முனை வளைந்துபோனதால் அதைப் பிடுங்க முடியவில்லை. நமக்குச் சான்று மிஞ்சியது அதனால்தான். மற்ற ஆணிகளைப் பிடுங்கிக்கொள்வது வழக்கம், தாயத்தாகக்கூடப் பயன்பட்டன.

தண்டனை குற்றத்தைவிடக் குற்றவாளியின் தகுதியைப் பார்த்தே அமைந்தது. கிமு 71-இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைப் படை தோற்றபோது, கப்புவாவிலிருந்து ரோம் வரை ஆப்பியன் சாலையில் 6,000 பேர் அறையப்பட்டனர். சாலை நெடுக முப்பது சொச்சம் மீட்டருக்கு ஒருவர் என்றாகிறது. கிபி 61-இல் ரோமின் நகரத் தலைவர் பெடானியஸ் செக்கண்டஸை அவருடைய அடிமை ஒருவன் கொன்றபோது, அதே வீட்டிலிருந்த 400 அடிமைகளும் கொல்லப்பட்டார்கள். மக்கள் கொதித்தெழுந்தும் செனட் மனம் மாறவில்லை.

குடியுரிமை உள்ளவருக்குத் தலைவெட்டு, அதுவும் அரிதாக. பெரும்பாலோர் தீர்ப்புக்கு முன்பே நாட்டைவிட்டுப் போய்விடுவார்கள். சிசிலி ஆளுநர் வெர்ரஸ் ஒரு ரோமக் குடிமகனை மெசானாவில், இத்தாலி கண்ணுக்குத் தெரியும்படி சிலுவையில் அறைந்ததைத்தான் கிமு 70-இல் வழக்குரைஞர் சிசரோ பெருங்குற்றமாக முன்வைத்தார். சிலுவையில் ஓர் அடிமை தொங்கியிருந்தால் அங்கே வழக்கே இல்லை.

உயர்குடிக் கைதிகளுக்கு ரோமில் துல்லியானம் என்ற நிலவறை இருந்தது. சுமார் பன்னிரண்டு அடி ஆழம். அதற்குள் கயிற்றால் கழுத்தை நெரிப்பார்கள். கிமு 63-இல், ரோம ஆட்சியைக் கவிழ்க்கக் கட்டிலின் என்பவர் செய்த சதியில் சிக்கிய ஐந்து பேர், முன்னாள் கான்சல் (ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவி) லெண்டுலஸ் உட்பட, இப்படித்தான் இறந்தார்கள். சிறை என்பது ஆளை வைத்திருக்கத்தான், தண்டிக்க அல்ல என்பது சட்ட அறிஞர் உல்பியனின் கூற்று.

தகப்பனைக் கொன்றவனைத் தோல் மூட்டையில் நாய், சேவல், பாம்பு, குரங்கோடு தைத்துத் தண்ணீரில் எறியும் விநோதமும் இருந்தது. பக்கத்தில் கடல் இல்லாவிட்டால் அவனை விலங்குகளுக்கு இரையாக்கலாம் என்று பேரரசர் ஹாட்ரியன் விதித்தார்.

நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் சிலுவை கைவிடப்பட்டது. அதன் இடத்தில் கழுத்தை மாட்டும் கவைமரம் வந்தது, சாவு விரைவாக வந்தது. சுரங்க வேலைக்குத் தண்டிக்கப்பட்டவர்களின் முகத்தில் சூடு போடக்கூடாது என்றும் அவர் சட்டம் செய்தார். கையிலும் கெண்டைக்காலிலும் சூடு போடத் தடையில்லை.