டேக்-ஆஃப் என்று எப்போது சொல்லலாம்?

நேயர்களுக்கு வணக்கம். விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்களும் புழங்கும் ஆங்கில வினைச்சொற்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். டேக்-ஆஃப், லேண்டிங் எல்லாம் நீங்கள் கேட்டுப் பழகியவைதான். ஆனால் டேக்-ஆஃப் என்ற சொல்லை ஒரு விமானி ரேடியோவில் நினைத்தபோதெல்லாம் உச்சரிக்கக் கூடாது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் உள்ள டெனெரிஃபின் விமான நிலையம், கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். நெதர்லாந்து நிறுவனமான கேஎல்எம்மின் விமானம் முனையில் புறப்படத் தயாராக நிற்கிறது. அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் விமானம் அதே பாதையில் உருண்டு வந்துகொண்டிருக்கிறது. மேலே ஏறிய பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்பதற்கு மட்டும் கேஎல்எம்முக்கு அனுமதி கிடைக்கிறது. கவனியுங்கள், வழிக்கான அனுமதி. கிளம்புவதற்கான அனுமதி அல்ல. ஆனால் ‘டேக்-ஆஃபுக்குப் பிறகு வலப்பக்கம் திரும்பவும்’ என்று அந்த வாக்கியத்துக்குள்ளேயே அந்தச் சொல் வந்துவிட்டது.

துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, ‘வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’ என்று சேர்க்கிறார். புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் கொள்ளலாம், கிளம்பிவிட்டோம் என்றும் கொள்ளலாம். கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்றார். பிறகு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றார். அதே நேரத்தில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானியும் பேசினார். ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே சமயத்தில் பேசினால் என்ன ஆகும்? கேஎல்எம் விமானிகளின் காதில் விழுந்தது ஒரு ‘ஓகே’, அதன் பிறகு வெறும் கீச்சொலி. விமானம் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. இரண்டும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

இன்றைய விதி இதுதான். ஓடுபாதையிலிருந்து எழும்ப அனுமதி தரும்போதும், தந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டுமே டேக்-ஆஃப் என்ற சொல் வரும். மற்ற எல்லா இடத்திலும் டிபார்ச்சர். தயாராகிவிட்ட விமானி ‘ரெடி ஃபார் டிபார்ச்சர்’ என்றுதான் சொல்வார். மறுபடியும் சொல்கிறேன்: அனுமதி வரும்வரை அந்தச் சொல் யார் வாயிலும் வரக் கூடாது.

தரையில் நகர்வதற்கும் இப்படித்தான். ஓடுபாதைக்கு முன்னாலேயே நிற்க ‘ஹோல்ட் ஷார்ட்’. ஓடுபாதையில் ஏறி, நேராக்கி நிற்க ‘லைன் அப் அண்ட் வெயிட்’. குறுக்கே கடக்க ‘கிராஸ்’. ஓடுபாதையில் ஏறி நிற்க அமெரிக்காவில் மட்டும் 2010 வரை ‘பொசிஷன் அண்ட் ஹோல்ட்’ என்றார்கள். பிறகு அவர்களும் மாறினார்கள். வழக்கத்தைவிட ஒற்றுமைதான் இங்கே பெரிது, அதனால் மாறியது சரியே.

‘ராஜர்’ என்றால் சம்மதம் என்று சினிமா பார்த்துப் பலரும் நினைக்கிறார்கள். நீங்கள் சொன்னது முழுதாகக் கேட்டது, அவ்வளவுதான். கேட்டது, அதன்படி செய்கிறேன் என்றால் ‘வில்கோ’. ஆமாம் என்றால் ‘அஃபர்ம்’. ஆனால் உயரம், திசை, ஓடுபாதை எண் போன்றவை வரும்போது இவை எதுவும் போதாது. அந்த எண்களையே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னதைக் கட்டுப்பாட்டாளர் காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டும். இந்த இரண்டாம் பாதியைத்தான் பலர் மறக்கிறார்கள்.

1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூர் அருகே ஒரு சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். ‘டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்பது உத்தரவு. அந்த ‘டூ’வை இரண்டு என்ற எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், இத்தனை அடிக்கு என்னும்போது வரும் ‘டு’வாக விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று பதிலும் சொன்னார்கள். பிழை அங்கேயே காதில் விழுந்திருக்க வேண்டும், யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். உயரத்தை ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்று ஆயிரமும் நூறும் சேர்த்துச் சொன்னால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. முறைப்படி சொல்ல வேண்டியதும் அப்படித்தான்.

விமானியின் கைவேலைக்கான சொற்கள், பிட்ச், ரோல், ஃபிளேர் எல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: ஸ்டால். கார் ஸ்டால் ஆனால் இன்ஜின் நின்றுவிட்டது என்று பொருள். விமானத்தில் அப்படி இல்லை. எதிர்க்காற்றுக்கு இறக்கை அளவுக்கு மீறிச் சாய்ந்ததால் அதன் மேற்புறத்தில் காற்று ஒட்டாமல் பிரிந்து, தூக்கும் விசை சரிகிறது. இன்ஜின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தில் இன்ஜின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மூக்கு மேலே தூக்கியபடியே இருந்தது. 228 பேர் போனார்கள். ஸ்டாலிலிருந்து மீள வேண்டுமானால் முதலில் கட்டுப்பாட்டுக் கம்பை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். ஸ்டால் எச்சரிக்கை ஒலி நின்ற பிறகு இறக்கைகளைச் சமன் செய்ய வேண்டும். தேவையான அளவு இன்ஜின் விசையைக் கூட்டி, மெதுவாக நேராக்க வேண்டும். தரை நெருங்கும்போது கை தானாகக் கம்பை இழுக்கத்தான் பார்க்கும். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.

நேரம் முடிந்தது. வணக்கம்.